வரவும் பற்றும்: கணக்கியல் மேற்படிப்பு குறித்த சில சிந்தனைகள்

முன்னுரை

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றி வந்தது தமிழ் மரபு. ஆயின் இன்றைய கல்லூரிகளில் எண்ணைக் கற்போர் ஒரு கட்டடத்திலும் எழுத்தைக் கற்போர் மற்றொரு கட்டடத்திலுமாகப் பிரிந்து அமர்ந்துள்ளனர். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில்தான் இரு சாராரும் ஒரு கூரையின்கீழ்ச் சந்திக்கின்றனர். அத்தகைய வகுப்பொன்றில் எழுந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே அமைந்த பேரூர் ராயகிரி. அவ்வூரிலிருந்து வந்து இளங்கலை வணிகவியல் பயிலும் மாணவர் ஒருவர், வகுப்பு முடிந்தபின் நம்மிடம் வந்தார். அவருடைய தந்தையார் எலுமிச்சை வாங்கி விற்கும் சிறு வணிகர். “ஐயா, கைக்கு வந்த பணம் வரவுதானே? எங்கள் வீட்டு நோட்டில் அப்பா அப்படித்தான் எழுதுகிறார். வகுப்பில் மட்டும், ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுது என்கிறார்கள். சொல் தவறா, கணக்குத் தவறா?” என்று வினவினார். சற்றுத் தயங்கி, “இதுவே விளங்காத நான் எம்.காம். படிக்க ஆசைப்படலாமா?” என்றும் கேட்டார்.

முதல் வினா தமிழாசிரியரிடம் கேட்கத்தக்கதே. இரண்டாம் வினா பெற்றோர், ஆசிரியர், சமுதாயப் பெரியோர் அனைவரிடமும் கேட்கத்தக்கது. இவ்விரு வினாக்களுக்கும் விடை காண இக்கட்டுரை முற்படுகிறது. கணக்கியலில் மேற்படிப்பு என்பது பெரிய எண்களைக் கூட்டப் பழகுவதன்று. பிறர் பொருளுக்குப் பொறுப்புச் சொல்லும் தகுதியைப் பெறுவதாகும். அத்தகுதிக்கான வித்து, சிற்றூர் மாணவரின் வீட்டு நோட்டிலேயே உள்ளது. இதனை நிறுவுவதே நம் நோக்கம்.

சொல் தவறா, கணக்குத் தவறா?

மளிகைக் கடையில் பொருள் வாங்கும் ஒருவர், “பற்று எழுதிக்கொள்ளுங்கள்” என்கிறார். கடைக்காரர் அவர் பெயரில் பற்று எழுதுகிறார். மாத முதல் நாளில் பணம் கொடுத்ததும், “வரவு வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். கடைக்காரர் வரவு வைக்கிறார். இங்குப் பற்று என்பது அவர் பெற்றுக்கொண்டது; வரவு என்பது அவரிடமிருந்து வந்தது. பற்றுதல் என்னும் வினைக்குப் பிடித்தல், கைக்கொள்ளுதல் என்பன பொருள். பணம் பெற்றமைக்கு அடையாளமாகத் தரும் சீட்டைப் பற்றுச்சீட்டு என வழங்குவதும் ஈண்டு நோக்கத்தக்கது.

பேரேட்டின் இலக்கணம் இந்த மளிகைக்கடை இலக்கணமேயாகும். பேரேட்டில் ஒவ்வொரு கணக்கும் ஓர் ஆள் போல நிற்கிறது. கடைக்குக் கடன் தந்தவர் ஓர் ஆள். கடன் பெற்றவர் ஓர் ஆள். பணப்பெட்டியும் ஓர் ஆள். பெற்றவர்க்குப் பற்று, தந்தவர்க்கு வரவு என்பதே விதி. ரொக்கம் வந்தபோது அதனைக் கைப்பற்றியது பணப்பெட்டி. ஆதலின் பணப்பெட்டியின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. பணத்தைத் தந்தவர் எவரோ அவர் கணக்கில் வரவு எழுதப்படுகிறது.

அவ்வாறாயின் தந்தையாரின் நோட்டுத் தவறா? அன்று. அது பணம் வந்ததையும் போனதையும் குறிக்கும் வரவு செலவு ஏடு. அங்குப் பேசுவது வீடு. “எனக்கு வந்தது” என்கிறது. பேரேட்டில் பேசுவது நிறுவனம்; “இன்னார் பெற்றார், இன்னார் தந்தார்” என்கிறது. நிற்கும் இடம் மாறியதால் சொல்லும் மாறிற்று. வங்கியில் நாம் பணம் செலுத்தினால் வங்கியின் கணக்குப் புத்தகம் நம் பெயரில் வரவு வைக்கிறது; தந்தவர் நாம் அல்லவா? அதே தொகையை நம் ஏட்டில் எழுதும்போது வங்கிக் கணக்கில் பற்று எழுதுகிறோம். பெற்றது வங்கி அல்லவா? இவ்விரு புத்தகங்களும் ஒன்றையொன்று எதிர் நின்று பார்க்கும் இரு கண்ணாடிகள் போன்றவை.

இதனைக் கேட்டதும் அம்மாணவர் முகத்தில் தெளிவு பிறந்தது. மூன்று பருவங்களாக மனப்பாடம் செய்த விதி, தம் தெருவிலுள்ள மளிகைக் கடையில் நாள்தோறும் வழங்கும் பேச்சே என்பதை அவர் உணர்ந்தார்.

கணக்கு ஒப்புவித்தல்: நம் மரபு

கணக்கு என்னும் சொல்லுக்கு எண்ணிக்கை என்பது ஒரு பொருள். “கணக்குக் கொடு”, “கணக்குக் கேள்” என்னும்போது அது பொறுப்பு என்னும் பொருளைத் தருகிறது. இவ்விரண்டாம் பொருளே நம் மரபில் ஆழ வேரூன்றியது.

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த அவை, ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாது விட்டவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வு பெறத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. கணக்குக் காட்டாமை திருட்டுக்கு நிகரான குற்றமாகக் கருதப்பட்டது என்பது இதனால் புலனாகும். சோழர் ஆட்சியில் புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம் முதலிய பெயர்களில் வருவாய்க் கணக்கு அலுவல் நடந்ததையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுமிடத்து, வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் விற்கும்போது குறைத்துத் தாராமலும் நடுநிலையில் நின்ற அவர்தம் பண்பையே முதன்மையாகக் கூறுகிறது. காரிநாயனாரின் கணக்கதிகாரமும், திண்ணைப் பள்ளிகளில் ஓதப்பட்ட எண்சுவடியும் முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை பின்ன எண்களைப் பயிற்றின. பங்கு பிரிக்கும்போது ஒருவர்க்கும் குறை நேரக்கூடாது என்னும் எண்ணமே இத்துணை நுண்மைக்குக் காரணம் எனலாம்.

திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எதனைப் பற்றியது என்று வினவினால் பலர் வழிபாட்டைக் கூறக்கூடும். உண்மையில் அது கடன் கணக்கை எழுதி வைப்பதைப் பற்றியது. இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணையிட்டுக் கொடுக்கும் கடனை எழுதி வைக்குமாறும், எழுதுபவர் நீதியுடன் எழுதுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் பணிக்கிறது. தொகை சிறிதாயினும் எழுதச் சோம்பலாகாது என்கிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே என்பது அதன் நுட்பம். வலுவுடையவர் தம் விருப்பப்படி எழுதிக்கொள்ளாதவாறு எளியவரைக் காக்கும் ஏற்பாடு இது. ஸகாத் வழங்கும் வணிகர் ஆண்டுதோறும் தம் சரக்கிருப்பையும், கைப்பணத்தையும், வரவேண்டிய கடன்களையும் கணக்கிட்டு நாற்பதில் ஒரு பங்கைப் பிரிக்க வேண்டியிருப்பதும், ஆண்டுக்கணக்கு முடிக்கும் பழக்கத்தை வளர்த்தது.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டிக்கடை நடத்தியபோது, மூன்றாண்டுத் தவணையில் முகவர்களை அனுப்பினர். தவணை முடிந்து ஊர் திரும்பும் முகவர் கணக்கை ஒப்படைத்த பின்னரே விடுபடுவார். பேரேடும் ஐந்தொகையும் அவர்கள் கைப்பழக்கம். கடல் கடந்த நாட்டில் இருந்தவரை ஊரிலிருந்த முதலாளி நம்பியது கணக்கேட்டின் துணையால்தான்.

மேலை நாட்டில் இரட்டைப் பதிவு முறையை அச்சில் முதன்முதலாக விளக்கியவர் லூக்கா பாசியோலி என்னும் துறவியார். 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் வெளிவந்த அவரது கணித நூலில் ஒரு பகுதியாக அது அமைந்தது. அவர் அம்முறையைக் கண்டுபிடித்தவரல்லர். வெனிஸ் வணிகரிடையே வழங்கியதை எழுதி வைத்தவர். அதற்கு முன்னரே, 1202ஆம் ஆண்டில், இத்தாலியரான பிபோனாச்சி வட ஆப்பிரிக்காவில் தாம் கற்ற இந்திய எண் முறையைத் தம் நூல் வழியே ஐரோப்பாவில் பரப்பினார். இந்தியாவில் பிறந்து அரபு வணிகர் கையில் வளர்ந்த எண்களே வெனிஸ் பேரேட்டுக்கு உயிர் தந்தன. ஆதலின் கணக்கியலை அயலார் கலை என்று நம் மாணவர் அஞ்ச வேண்டுவதில்லை.

ஓர் எலுமிச்சைக் கமிஷன் கடை

இனி, இக்கலையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ராயகிரிப் பகுதியினர்க்கு நன்கு தெரிந்தது புளியங்குடி எலுமிச்சைச் சந்தை. அங்கு ஒருவர் 1,00,000 ரூபாய் முதலுடன் கடை தொடங்குவதாகக் கொள்வோம். அவர் 80,000 ரூபாய்க்கு எலுமிச்சை கொள்முதல் செய்கிறார். 50,000 ரொக்கமாகத் தருகிறார். 30,000 விவசாயிகளுக்குப் பாக்கி. முழுச் சரக்கையும் 1,10,000 ரூபாய்க்கு விற்கிறார். 60,000 ரொக்கமாக வருகிறது. 50,000 கேரள வணிகர் ஒருவர் தரவேண்டிய பாக்கி. ஏற்றுகூலி, வண்டி வாடகை வகையில் 10,000 ரொக்கமாகச் செலவாகிறது.

மாத முடிவில் பணப்பெட்டியைத் திறந்தால் சரியாக 1,00,000 ரூபாய் இருக்கும். தொடங்கிய அன்றும் அதுவே இருந்தது. “மாதம் முழுதும் உழைத்தும் ஒன்றும் மிஞ்சவில்லை” என்று கடைக்காரர் சோர்வடையக்கூடும். பெட்டி சொல்வது அவ்வளவே.

பேரேடு வேறு சொல்கிறது. விற்பனை 1,10,000. அதில் கொள்முதல் 80,000, செலவு 10,000 போக இலாபம் 20,000. இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்தால் ஒருபுறம் சொத்து: ரொக்கம் 1,00,000, கடனாளி 50,000, ஆக 1,50,000. மறுபுறம் பொறுப்பு: கடனீந்தோர் 30,000, முதல் 1,00,000, இலாபம் 20,000, ஆக 1,50,000. இருபுறமும் ஒத்து நிற்கின்றன. இலாபம் பெட்டியில் இல்லை. கேரள வணிகரின் பாக்கியில் இருக்கிறது.

பணம் வேறு, இலாபம் வேறு என்னும் இவ்வுண்மையை அறியாமல் கடையை மூடியவர் உண்டு. பெட்டியில் பணம் நிறைந்திருப்பதைக் கண்டு, அது விவசாயிக்குத் தரவேண்டிய பணம் என்பதை மறந்து, வீட்டுத் திருமணத்துக்குச் செலவிட்டு இடர்ப்பட்டவரும் உண்டு. கடையின் முதலையும் வீட்டின் பணத்தையும் பிரித்து எழுதுக என்பது கணக்கியல் கற்பிக்கும் முதற்பாடங்களுள் ஒன்று. இது சிறு வணிகக் குடும்பங்களைக் காக்கும் பாடமாகும்.

மேற்படிப்பில் எழும் வினாக்கள்

மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் பயில்பவர் மேற்கண்ட ஏடுகளை எழுதக் கற்கிறார். இளங்கலையில் கூட்டாண்மை, நிறுமம், அடக்கவிலை, வருமானவரி எனப் பல களங்களில் அதனைக் கையாளக் கற்கிறார். அவ்வாறாயின் முதுகலையில் கற்பது யாது?

அதே கமிஷன் கடைக்கு மீண்டும் செல்வோம். கேரள வணிகர் தரவேண்டிய 50,000 முழுதும் வசூலாகுமா? 30,000 மட்டுமே வருமாயின் 20,000 வாராக்கடனாகும். இலாபம் முற்றும் கரைந்துபோகும். வசூலாகும் முன்னரே ஆண்டுக் கணக்கை முடிக்க வேண்டியுள்ளது. எவ்வளவு ஐயக்கடன் என ஒதுக்குவது? குறைவாக ஒதுக்கினால் இல்லாத இலாபத்தைக் காட்டியவராவோம். மிகுதியாக ஒதுக்கினால் உள்ள இலாபத்தை மறைத்தவராவோம். இங்கு வாய்பாடு மட்டும் போதாது. சான்றுகளை ஆராய்ந்து தீர்ப்புக் கூறும் அறிவு வேண்டும். அத்தீர்ப்பறிவைப் பயிற்றுவதே மேற்படிப்பின் பணி.

மற்றோர் எடுத்துக்காட்டு. தோட்டத்தில் நிற்கும் எலுமிச்சை மரம் கணக்கேட்டில் என்னவாகும்? விற்பனைக்குரிய சரக்கா? எந்திரம் போன்ற நிலையான சொத்தா? உலகக் கணக்கியலாளர் பல்லாண்டு விவாதித்த வினா இது. 2014ஆம் ஆண்டில் பன்னாட்டுக் கணக்கியல் தரநிலைகளில் செய்யப்பட்ட திருத்தம், ஆண்டுதோறும் காய்த்துப் பயன் தரும் மரத்தை ஆலை எந்திரம் போலவே நிலையான சொத்தாகக் கொண்டு, அதற்குத் தேய்மானமும் கணக்கிட வேண்டும் என்றது. ஆயின் மரத்தில் தொங்கும் காய் உயிருள்ள சொத்து. அதனை விற்றால் கிடைக்கக்கூடிய நியாய மதிப்பில், விற்பனைச் செலவைக் கழித்து, மதிப்பிட வேண்டும். பறித்துக் கூடையில் இட்டபின் அது சரக்கிருப்பாகிறது. இந்தியாவில் பெரிய நிறுமங்களுக்கு 2016 ஏப்ரல் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரநிலைகளும் இந்நெறியையே கொண்டுள்ளன. சிறு விவசாயிக்கு இவை பொருந்தா. எனினும் ஒரே மரத்தை மூன்று நிலைகளில் மூன்று விதமாகக் காண வேண்டியதன் காரணத்தை ஆராய்வதுதான் முதுகலை வகுப்பின் சுவை. எலுமிச்சைத் தோட்டத்தை நேரில் கண்டு வளர்ந்த ராயகிரி மாணவர்க்கு, நகரத்து மாணவரினும் இப்பாடம் எளிதில் விளங்கும் அன்றோ?

தீர்ப்பறிவு பிழைத்தால் விளையும் கேட்டுக்கு ஒரு சான்று போதும். 2009ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கணினி நிறுமத்தின் தலைவர், ஆண்டுக்கணக்கில் பொய்க்கணக்கு எழுதியதை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். வங்கியில் இருப்பதாகக் காட்டிய தொகையில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்பது அதனால் வெளியாயிற்று. வங்கியில் பணம் இருக்கிறதா என்பதை வங்கியிடமே நேரில் கேட்டு உறுதி செய்வது தணிக்கையின் தொடக்கப் பாடம். அத்தொடக்கப் பாடம் தவறியதால் பல்லாயிரம் பங்குதாரர்கள் சேமிப்பை இழந்தனர். ஊழியர் பலர் கலங்கினர். 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின்படி 2018இல் தேசிய நிதிசார் அறிக்கையிடல் ஆணையம் அமைக்கப்பட்டதற்கு இத்தகைய நிகழ்வுகள் தூண்டுதலாயின. கணக்கர் பொய் சொன்னால் அவர் அறியாத வீடுகளிலும் அடுப்பு அணையும்.

வழிகள் சில

தென்னிந்தியாவில் வணிகக் கல்வியின் வரலாறு நீண்டது. 1886ஆம் ஆண்டிலேயே சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் வணிகப் பள்ளியொன்றைத் தொடங்கினர். இன்று இளங்கலை முடித்த மாணவர் முன் முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, இரண்டாண்டு முதுகலை வணிகவியல். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரிப் பகுதிகளின் கல்லூரிகளுக்கு 1990இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் துணையாக உள்ளமையால், ஊரை விட்டு நெடுந்தொலைவு செல்லாமலே இதனைப் பயிலலாம். கல்லூரி ஆசிரியராக விழைவோர் முதுகலைக்குப்பின் தேசியத் தகுதித் தேர்வை எழுதலாம். பணியில் இருந்துகொண்டே பயில விரும்புவோர்க்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் உள்ளன.

இரண்டாவது, பட்டயக் கணக்கர் கல்வி. இதனை நடத்தும் நிறுவனம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. வணிகவியல் இளங்கலையில் 55 விழுக்காடு பெற்றவர் அடித்தளத் தேர்வு இன்றியே இடைநிலைக்குப் பதிவு செய்யலாம். இடைநிலையிலும் இறுதி நிலையிலும் ஆறாறு தாள்கள். ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், மொத்தத்தில் 50 விழுக்காடும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் புதிய திட்டம், கணக்கர் அலுவலகத்தில் பெறும் நடைமுறைப் பயிற்சியை மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைத்தது. பயிற்சிக்காலத்தில் உதவித்தொகையும் உண்டு.

மூன்றாவது, அடக்கவிலைக் கணக்கர் கல்வி. ஒரு பொருளை உருவாக்க ஆகும் செலவைப் பகுத்தாராயும் துறை இது. நூற்பாலைகள் மிகுந்த இராசபாளையமும், ஆலைகள் பல இயங்கும் சிவகாசியும் ராயகிரிக்கு அணித்தே இருத்தலின், இத்துறை நம் பகுதிக்கு மிகவும் ஏற்றது.

இவற்றுள் எதனைத் தேர்வது என்பதையும் கணக்கிட்டே முடிவு செய்தல் வேண்டும். கல்விக்கட்டணமும் விடுதிச் செலவும் மட்டும் செலவல்ல. வேலைக்குச் சென்றிருந்தால் கிடைத்திருக்கும் இரண்டாண்டு ஊதியமும் செலவே. வணிகவியல் இதனைக் கைவிட்ட வாய்ப்பின் அடக்கம் எனக் கூறும். முதல் தலைமுறையாகப் பட்டம் பெறும் வீட்டில் இத்தொகை சிறிதன்று. இளையோர் பள்ளிக் கட்டணமும் நகைக்கடனும் அதில் அடங்கியிருக்கும். ஆதலின் “படித்தால் நல்லது” என்று பொதுவாகக் கூறி மாணவரை அனுப்புவது முறையன்று. எந்நோக்கத்துக்காக, எத்தனை ஆண்டு, தேர்வில் ஒருமுறை தவறினால் அடுத்து என்ன என்பதை எழுதிப் பார்த்தபின் முடிவு செய்தல் நன்று. பட்டயக் கணக்கர் தேர்வில் முதல் முயற்சியிலேயே வெல்லாதவர் மிகப் பலர். அதனை முன்கூட்டியே அறிந்து செல்வோர் மனம் தளரார்.

மனம் தளராமைக்கு ஆர். சிவபோகம் அம்மையாரின் வாழ்வு நல்ல சான்று. 1907இல் பிறந்த அவர், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். விடுதலையான பின்னர்க் கணக்கியல் பயின்று 1933இல் அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் வென்றார். இந்தியாவின் முதல் பெண் கணக்கராக விளங்கினார். சிறை சென்றவர் தொழில் நடத்தலாகாது என்ற தடையையும் எதிர்த்து வென்றார். பின்னர் 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்கர் நிறுவனத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். நம் மாணவியர் இவர் பெயரை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

மொழி எனும் மதில்

சிற்றூர் மாணவரைத் தடுக்கும் மதில்களுள் உயரமானது மொழி. பள்ளியில் தமிழ் வழியில் கணக்குப்பதிவியலைக் கற்றவர், கல்லூரியில் ஆங்கிலத்தை எதிர்கொள்கிறார். பட்டயக் கணக்கர் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத இயலும். தமிழில் எழுத வழியில்லை. கணக்கு நன்கு வரும் மாணவர் பலர், கணக்கால் அன்றி மொழியால் பின்தங்குகின்றனர் என்பது நாம் வகுப்பறைகளில் கண்ட உண்மை.

இதற்கு நாம் கூறும் வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு கலைச்சொல்லையும் முதலில் தமிழில் பொருள் விளங்கக் கற்றல் வேண்டும். பின்னர் ஆங்கிலச் சொல்லை அதன்மேல் ஏற்றுதல் வேண்டும். இருபத்தி பிரித்த ஒரு நோட்டு இதற்குப் போதும். நம் சொற்கள் பொருளைத் தாமே விளக்க வல்லன. தேய்மானம் என்றதும், பழைய நகையை மாற்றும்போது எடை குறைவது நினைவுக்கு வரும்; எந்திரத்தின் மதிப்புக் குறைவதும் அவ்வாறே. வாராக்கடன் என்னும் சொல்லுக்கு உரை வேண்டுவதில்லை. நிலுவை, இருப்பு, முதல், எடுப்பு என்பனவும் அத்தகையன.

தமிழ்க் கடையேடு பல மொழிச் சொற்களுக்கும் இடமளித்தது என்பதும் கருதத்தக்கது. அசல், பாக்கி, வசூல் ஆகியவை அரபு வழி வந்தவை. ரசீது பாரசீக வழி வந்தது. பில், செக், கமிஷன் ஆகியன ஆங்கிலம் தந்தவை. வட்டாட்சியர் அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியை இன்று வருவாய்த் தீர்வாயம் என்கிறோம். “அசலும் வட்டியும் வசூலாகிவிட்டது, பாக்கியில்லை” என்று ராயகிரிக் கடைக்காரர் பேசும்போது, அவர் எத்தனை நாட்டு வணிகருடன் உரையாடுகிறார் என்பதை எண்ணி வியக்கலாம். இவ்வாறு பிறமொழிச் சொற்களை அச்சமின்றி ஏற்ற முன்னோரின் வழிவந்த மாணவர், ஆங்கிலக் கலைச்சொற்களைக் கண்டு அஞ்சுவானேன்?

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

ஒரு காலத்தில் ஊர்க்கணக்கைக் கர்ணம் அல்லது கணக்குப்பிள்ளை எழுதினார். பெரும்பாலும் வழிவழியாக வந்த பதவி அது. 1980ஆம் ஆண்டில் தமிழக அரசு அப்பதவிகளை ஒழித்து, தேர்வின் வழியே நியமிக்கும் கிராம நிர்வாக அலுவலர் முறையைக் கொணர்ந்தது. கணக்கெழுதும் உரிமை பிறப்பிலிருந்து படிப்புக்கு மாறிற்று. எக்குடியில் பிறந்தவரும் கணக்கைக் கற்று ஊரின் நம்பிக்கைக்குரியவராகலாம் என்னும் நிலை உருவாயிற்று. இதனைப் பயன்படுத்திக்கொள்ளுதல் நம் கடமை.

சமுதாயப் பெரியோரை நாம் வேண்டுவது இரண்டு. மேற்படிப்புக்கு உதவுவோர், கட்டணத்தோடு நில்லாமல், மதுரையிலோ சென்னையிலோ பயிற்சி பெறும் ஈராண்டுக்குரிய தங்குமிடச் செலவையும் கருத வேண்டும். அங்கேதான் ஏழை மாணவர் பலர் திரும்பி விடுகின்றனர். இது முதலாவது.

இரண்டாவது பணச்செலவில்லாதது. பள்ளிவாசல் ஜமாஅத், கோயில் விழாக்குழு, உறவின்முறைச் சங்கம், தேவாலயக் குழு, மகளிர் சுயஉதவிக் குழு ஆகியன ஊர்தோறும் உள்ளன. அவை தம் கணக்கேடுகளை விடுமுறைக் காலத்தில் வணிகவியல் மாணவரிடம் தந்து, பேரேடாகவும் இருப்புநிலைக் குறிப்பாகவும் எழுதச் சொல்லலாம். பெரியவர் ஒருவர் உடனிருந்து மேற்பார்க்கலாம். மாணவர்க்கு நூலில் கிடைக்காத பயிற்சி கிட்டும். ஊர்ப்பணத்தின் நிலையும் எல்லோர்க்கும் தெரியவரும். பொதுப்பணம் அமானிதம் என்பதை நாவால் பலமுறை சொல்வதைவிட, ஆண்டுக்கொருமுறை கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டுவது சிறந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குமுன் உத்தரமேரூர் ஊரார் செய்ததை நாமும் செய்ய இயலாதா?

முடிவுரை

அம்மாணவரின் இரண்டாம் வினாவுக்கு நாம் உடனே விடை கூறவில்லை. விடுமுறையில் தந்தையாரின் நோட்டை வாங்கி, ஓராண்டுக் கணக்கைப் பேரேடாக எழுதி வருமாறு கூறினோம். கல்லூரி திறந்ததும் அவர் தடித்த நோட்டொன்றுடன் வந்தார். பல பக்கங்களில் அடித்தலும் திருத்தலும் இருந்தன. இறுதியில் இருபுறமும் ஒத்திருந்தன. தம் கடை நட்டத்தில் நடப்பதாக எண்ணியிருந்த தந்தையார், ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த பாக்கிகளை ஒரே பக்கத்தில் கண்டு நெடுநேரம் பேசாதிருந்தாராம். பின்னர், எவரெவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்று மகனையே வினவினாராம்.

“இன்னும் இரண்டு வருடம் படித்தால் இதை இன்னும் நன்றாகச் சொல்வாயா?” என்பது அவர் கேட்ட அடுத்த வினா. அவ்வினாவையே நாம் விடையாகக் கொண்டோம். மாணவர் முதுகலைக்கு விண்ணப்பம் எழுதினார். முகவரியைச் சரிபார்க்க நம்மிடம் காட்டினார்.

கணக்கியல் சட்டங்கள் காலந்தோறும் மாறும். சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 முதல் வந்தது. 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்கமாகக் கொண்டு 2025ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. கணக்கர் வாழ்நாள் முழுதும் மாணவரே. எனினும் பெற்றவர் யார், தந்தவர் யார் என்னும் வினா மாறுவதில்லை. அதற்கு நேர்மையாக விடை எழுதத் தெரிந்தவரை எவ்வூரும் நம்பும். அத்தகையோர் ராயகிரி போன்ற சிற்றூர்கள்தோறும் தோன்றுதல் வேண்டும் என்பது நம் விழைவு.